கடற்கரை ஊரில் மலிவு விலை டிஜிட்டல் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்த இராமநாதபுரம் கரையில் கேமரா பழுது பார்ப்பவனிடம் வரும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "எது வாங்கலாம்?" என்று கேட்டவரே மறு வருஷம் "லென்ஸுக்குள்ள என்னமோ படிஞ்சிருக்கு" என்று வந்து நிற்பார். இணையத்தில் கிடைக்கும் கேமரா ஆலோசனையில் பாதி, உப்புக் காற்றைப் பார்க்காதவர்கள் எழுதியது. இங்கே வாங்குகிற செலவைவிட, வாங்கியதைக் காப்பாற்றுவதில்தான் கவனம் வேண்டும். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே போட்டிருக்கிறேன்.

"போன்லயே நல்லா வருதே, அப்புறம் எதுக்குண்ணே தனியா கேமரா?"

பாதிப் பேருக்குத் தேவையே இல்லை. பிள்ளையின் பிறந்தநாள், ஊர்த் திருவிழா, வாட்ஸ்அப்பில் அனுப்ப நாலு படம் என்றால் கையில் இருக்கும் போனே போதும். பகல் வெளிச்சத்தில் பத்து வருஷப் பழைய கேமராவைவிடப் போன் படம் பளிச்சென்றும் இருக்கும். ஒரு தரம் தொட்டால் அது பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் திருத்திக் கொடுக்கிறது.

தூரத்தில் நிற்கும் பறவை, ராத்திரி வெளிச்சத்தில் ஆடி வரும் சந்தனக்கூடு, சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிட வேண்டிய படம் என்று வரும்போதுதான் போன் திணறும். அங்கே ஒளியை வாங்கும் சென்சாரின் அளவு பேசும். சின்ன பாக்கெட் கேமராவின் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம், லென்ஸைக் கழற்றி மாட்டும் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 22 முதல் 24 மி.மீ. வரை. பரப்பில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

"பத்தாயிரம் ரூபாதான் இருக்கு. எது வாங்கலாம்?"

புதுசை மறந்துவிடுங்கள். அந்தக் காசுக்குப் புதிதாகக் கிடைக்கும் பெயர் தெரியாத 'ஃபோர் கே' கேமராக்கள் பொம்மைகள். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சென்சாருக்கும் சம்பந்தம் இருக்காது.

ஆட்களை எடுக்க, விசேஷங்களுக்குப் போக என்றால் கை மாறிய நிக்கான் டி3100, டி3200, கேனான் 1100டி, 1200டி வரிசையில் தேடுங்கள். எல்லாரும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போவதால் இவை விலை இறங்கிக் கிடக்கின்றன. பறவைதான் ஆசை என்றால் லென்ஸ் கழற்ற முடியாத நீள ஜூம் கேமரா. 2012-ல் வந்த கேனான் எஸ்எக்ஸ்50 இன்றும் உழைக்கிறது. 50 மடங்கு ஜூம், 12 மெகாபிக்சல். கடைசித் தகவலைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அடுத்த பதிலைப் படியுங்கள்.

"பன்னெண்டு மெகாபிக்சல் பழசாச்சே, இருவத்துநாலு இருந்தாத்தானே நல்லா வரும்?"

அச்சுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 4க்கு 6 படத்துக்கு 1200 பெருக்கல் 1800, அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 8க்கு 12-க்கு எட்டரை சொச்சம். சுவரில் மாட்டும் 12க்கு 18 படத்தை யாரும் மூக்கை ஒட்டிப் பார்ப்பதில்லை. அங்குலத்துக்கு 200 புள்ளி போதும் என்றால் அதற்கும் அதே எட்டரைதான். ரொம்ப வெட்டி எடுப்பவருக்கு மட்டும் கூடுதல் மெகாபிக்சல் கைகொடுக்கும்.

"செகண்ட் ஹேண்ட்ல ஏமாறாம எப்படிப் பார்த்து வாங்குறது?"

முதலில் வெளியே இருக்கும் திருகாணிகளைப் பாருங்கள். அடித்தட்டு, ஃப்ளாஷ் மாட்டும் தகடு, ட்ரைபாட் துளை, இந்த மூன்றில் துரு இருந்தால் அந்தக் கேமரா கடலோரத்தில் கவனிப்பில்லாமல் கிடந்தது என்று அர்த்தம். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் செப்புத் தகடுகளைப் பாருங்கள். பச்சைப் பூச்சு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால் அதையும் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

அடுத்து லென்ஸ். கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். இரண்டொரு தூசி இருந்தால் குற்றமில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சணம். ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது 'நறநற'வென்றால் உள்ளே மணல் போயிருக்கிறது. கேனானில் ஜூமை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வைத்துப் பத்துப் படமாவது எடுங்கள். நடுவில் எர்ர் 01 என்று வந்தால் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளும் வழியில் கோளாறு. தகட்டைத் துடைத்தும் போகவில்லை என்றால் உள்ளே ஒயர் போயிருக்கலாம்.

பிறகு லென்ஸில் ஒளி நுழையும் துளையை, அதாவது அபெர்ச்சரை, எஃப் 16-க்குக் குறைத்து, வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். சென்சாரில் உள்ள அழுக்கெல்லாம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளியைச் சுத்தம் செய்துவிடலாம், கீறலை முடியாது. ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்பதை நிக்கான் ஒவ்வொரு படத்தின் கோப்பிலேயே எழுதி வைக்கும். டி3200 மாதிரிக் கேமராக்களுக்கு ஒரு லட்சம் வரை சோதித்திருப்பதாக நிறுவனம் சொல்கிறது. கேனானின் சின்ன மாடல்களில் கோப்பில் இருக்காது, கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். எண் அதிகம் என்பதற்காக உடனே ஒதுக்காதீர்கள். அறுபதாயிரம் அடித்த ஸ்டுடியோ கேமராவைவிட, ஐயாயிரம் மட்டும் அடித்துவிட்டு மூன்று வருஷம் பீரோவில் பூட்டிக் கிடந்த கேமராவைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

"வாப்பா துபாய்லேருந்து கொண்டாந்த கேமரா காக்கா. ரொம்ப நாளா எடுக்கல. இப்ப புது கார்டு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் (அங்கே காக்கா என்றால் அண்ணன்) வீட்டுக்கு ஒன்று இப்படி இருக்கிறது. கேமரா கெட்டுப்போகவில்லை. ஆரம்பகால எஸ்டி கார்டு 2 ஜிபி வரைதான். 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎச்சி முறையே 2006-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவில் 32 ஜிபி கார்டைப் போட்டால் 'கார்டு எர்ரர்' என்றுதான் சொல்லும். பழைய 1 ஜிபி அல்லது 2 ஜிபி கார்டு யாரிடமாவது கிடக்கும், வாங்கிப் போடுங்கள். அந்தக் கால ஒலிம்பஸ், ஃபியூஜி என்றால் எக்ஸ்டி என்ற வேறு கார்டாக இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது சிரமம். உள்ளே இருக்கும் கார்டையே பத்திரமாக வைத்திருங்கள்.

தேதி ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்கே போகிறது என்றால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. படம் எடுக்க அது தடையில்லை. கேமரா ஜப்பான் நாட்டுக்கென்றே செய்த சோனியாக இருந்தால் மெனுவில் ஜப்பான் மொழியைத் தவிர வேறு வராது, அதை வாங்குமுன்பே பார்த்துவிடுங்கள்.

"பெரிய கார்டா ஒண்ணே ஒண்ணு வாங்கிடவா?"

128-ல் ஒன்றைவிட 32-ல் இரண்டு நல்லது. ஒன்று போனாலும் பாதி மிஞ்சும். மலிவாக வரும் போலி கார்டுகளில் 64 என்று எழுதி உள்ளே 8 இருக்கும், நிறைந்ததும் படங்கள் காணாமல் போகும். ஃபார்மட்டைக் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

"தனுஷ்கோடிக்கு எடுத்துட்டுப் போனா கேமரா போயிடும்ங்கிறாங்களே, நெசமா?"

போய்விட்டு வந்து அப்படியே பையில் போட்டு மூடினால் போகும். அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதில் உப்பு இருக்கும். உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம்தான் தகடுகளை அரிக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இதோடு மணலும் சேரும். அந்தக் காற்றில் லென்ஸை மாற்றவே கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கேமராவின் வாய் கீழ்ப்பக்கம் பார்க்க மாற்றுங்கள். அல்லது ஒரே லென்ஸோடு போய் வாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

வீடு திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ள வேண்டும். வாயால் ஊதினால் எச்சில்தான் படியும். மணல் இருக்கும்போதே துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும். பிறகு மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டே இல்லாமல் பிழிந்து, கேமரா உடம்பைத் துடையுங்கள். உப்பைக் கரைத்து எடுக்கத் தண்ணீர் வேண்டும், உலர்ந்த துணி அதை இடம்மாற்றத்தான் செய்யும். கடைசியாக உலர்ந்த துணி. இதில் ஒரு சின்ன விஷயம்: பல வீடுகளில் போர்த் தண்ணீரே உப்பு. குடிக்க வாங்கி வைத்திருக்கும் கேன் தண்ணீரில் நனையுங்கள்.

முன்னால் ஒரு யுவி ஃபில்டர் மாட்டிக்கொள்வதும் நல்லது. அது படத்தை அழகாக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உப்பைத் தாங்க ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

"லென்ஸுக்குள்ள வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு. துடைச்சா போகுமா?"

மேலே சொன்ன பூஞ்சணம் இதுதான். உள் கண்ணாடியில் இருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸுக்கு அந்தக் கூலி கட்டுபடியாகாது, வேறு பழைய லென்ஸே வாங்கிவிடலாம். பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிட்டிருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் நிற்கும்.

வராமல் தடுப்பது சுலபம். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். இங்கே வாடைக் காலத்தில் அது சர்வ சாதாரணம். சமையலறையில் அரிசி, பருப்பு போட்டு வைக்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல்லைப் போட்டு, கேமராவை உள்ளே வைத்து மூடுங்கள். சின்ன ஈரமானி ஒன்றும் போட்டுவையுங்கள். 40-லிருந்து 50-க்குள் நின்றால் நிம்மதி. நீல ஜெல் ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், ஆனால் அந்த நீல நிறம் கோபால்ட் என்ற நச்சு உப்பால் வருவது. அதனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதுவே நல்லது. கேமராவோடு வந்த தோல் பையில் பூட்டி வைப்பது மட்டும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

"லாட்ஜ் ஏசி ரூம்லேருந்து சூரிய உதயம் எடுக்க வந்தா கண்ணாடியெல்லாம் புகையாயிடுதே?"

குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கிளம்புவதற்கு அரைமணி முன்பே கேமராவைப் பையோடு ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பையை உடனே திறக்க வேண்டாம். துடைத்தால் மறுபடி படியும்.

"பூநாரை எடுத்தா வெறும் வெள்ளைப் புள்ளியா வருது. ஜூம் பத்தலையா?"

ஜூமைவிட நேரம்தான் பிரச்சினை. குளிர்காலத்தில் தனுஷ்கோடி சாலையோர உப்பங்கழிகளில் பூநாரை நிற்கும் தூரத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து எழும் சூடு காற்றை நெளிய வைக்கும். அந்த நெளிவுக்குள்ளே 2000 மி.மீ. ஜூம் உள்ள நிக்கான் பி900 வைத்து எடுத்தாலும் கழுத்து வளைந்து நெளிந்துதான் வரும். விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுங்கள். கிட்டே போகிறேன் என்று சேற்றில் இறங்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. தீனி எடுக்கும் பறவை அது.

வெள்ளைப் புள்ளியாக வருவதற்குக் காரணம் வெளிச்ச அளவு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். பின்னால் இருண்ட தண்ணீர், நடுவில் சின்னதாக வெயில் பட்ட வெள்ளைப் பறவை என்றால் தண்ணீரைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பறவை வெளுத்துப்போகும். அப்போது பிளஸ்-மைனஸ் பொத்தானில் மைனஸ் 0.7 வையுங்கள். மாறாக, படம் முழுக்க வெள்ளை மணலோ உப்பளமோ இருந்தால் எல்லாம் மங்கிவிடும். அங்கே பிளஸ் 0.7 முதல் 1 வரை. இந்தப் பொத்தான் ஒன்றைப் பழகினால் கையேட்டில் பாதி படித்த மாதிரி.

"கடல் பின்னால இருக்க எடுத்தா மூஞ்சி கறுத்துடுது."

முன் பதிலில் சொன்ன அதே கணக்கு, ஆள் மாறியிருக்கிறார். நட்டநடுப் பகலாக இருந்தாலும் ஃப்ளாஷைத் தூக்கிவிட்டு எடுங்கள். அல்லது ஆளைத் திருப்பி நிறுத்துங்கள். கடல் எங்கேயும் ஓடிவிடாது.

"அம்மா கடல்பாசி எடுக்கப் போறப்ப தண்ணிக்குள்ள வச்சுப் படம் எடுக்கணும். என் போன் வாட்டர் ப்ரூஃப்தான்."

போன் பெட்டியில் எழுதியிருக்கும் ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. கடலில் இறக்கிப் பழுதானால் வாரண்டி கிடைக்காது. தண்ணீருக்கென்றே செய்த கேமராக்கள் இருக்கின்றன: ஒலிம்பஸ் டிஜி வரிசையில் டிஜி-6 15 மீட்டர் வரை தாங்கும், நிக்கான் டபிள்யூ100 10 மீட்டர். இடுப்பளவுத் தண்ணீருக்கு எது என்றாலும் போதும். ஆனால் பழையது வாங்கினால் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணல் துகள் சிக்கினாலும் வரும். வெளியே வந்ததும் மூடியைத் திறக்காமல் ஒரு வாளி நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறப்போட்டு, பொத்தான்களை அழுத்திவிட்டு, துடைத்துக் காயவையுங்கள்.

தீவுகளுக்குப் போய் எடுக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி வேண்டும்.

"அப்பா ஸ்டுடியோ வச்சிருந்தப்ப வாங்கின நிக்கான் லென்ஸ் டிஜிட்டல்ல பொருந்துமா?"

நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்டைத்தான் (லென்ஸ் மாட்டும் வாய்) டி3100, டி3500 வரைக்கும் வைத்திருந்தது. எஃப்எம்10 பிலிம் கேமராவில் வந்த 35-70 லென்ஸ் அப்படியே மாட்டும். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது, வெளிச்ச அளவும் காட்டாது. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் நிலையில் வைத்து, ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். சரியான ஃபோகஸ் வந்ததும் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் பச்சைப் புள்ளி எரியும். 50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி சென்சாரில் 75 மாதிரிப் பார்க்கும், முகம் எடுக்க அருமை.

கேனான் என்றால் கதை வேறு. அவர்கள் 1987-ல் மவுண்டையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய எஃப்டி லென்ஸ் இப்போதைய கேனான் டிஎஸ்எல்ஆரில் நேரடியாக மாட்டாது.

"பிலிம் ஏன்ணே போச்சு? அதுல இருந்த கலர் இதுல இல்லையே."

கலர் விஷயத்தில் பாதி உண்மை, பாதி இளமைக்கால நினைவு. 36 படம் முடிந்தால்தான் ரோலைக் கழற்றுவோம், லேபுக்கு அனுப்பி, எத்தனை தேறியது என்று கவர் பிரிக்கும்போதுதான் தெரியும். படம் நன்றாக விழவில்லை என்பதை எடுத்த இடத்திலேயே பார்க்க முடிந்த நாளோடு பிலிம் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் டிஜிட்டல் கேமராவை 1975-ல் முதலில் செய்து காட்டியவர் கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன். நூறுக்கு நூறு புள்ளிதான், ஒரு படம் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி. அந்தக் கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. நம் ஊட்டியில் 'இந்து' பிலிம் செய்த இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டுவிட்டது.

"வீட்டுல ஒரு டப்பா நிறைய நெகட்டிவ் இருக்கு. போன்லயே டிஜிட்டல் ஆக்கலாமா?"

ஆக்கலாம், உடனே ஆக்குங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது. அவற்றைத் தனியாகப் பிரித்து முதலில் எடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். மேல்பூச்சு ஜெலட்டின், பிய்த்தால் முகம் அதோடு வந்துவிடும். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தானாக விலகும்வரை காத்திருந்து, நிழலில் தொங்கவிடுங்கள்.

லேப்டாப்பில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, திரையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நெகட்டிவைப் பிடியுங்கள். ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். பளபளக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும், மங்கிய பக்கம் திரையைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் வலது கை இடது கையாகிவிடும். ஓரத்தில் இருக்கும் எண் நேராகப் படிக்க வந்தால் சரி. கறுப்பு-வெள்ளையைக் கிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் தலைகீழாக்கினால் முடிந்தது. கலர் நெகட்டிவில் ஆரஞ்சுத் திரை ஒன்று இருக்கும், அதைக் கழிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆக்ஃபா கிளிக் III என்ற பழைய பிலிம் கேமராவில் எடுத்த ரோலில் 12 படம்தான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டேகால் அங்குலச் சதுரம், போனிலேயே அழகாக வரும்.

குடும்பப் படம் மட்டும் என்று நினைத்து மற்றதைத் தள்ளிவிடாதீர்கள். பாம்பன் தூக்குப் பாலம் வாய் பிளந்து கப்பல் போகும் படம் பல வீட்டு டப்பாக்களில் கிடக்கிறது. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் அப்படி வாய் பிளக்காது, செங்குத்தாக மேலே ஏறும்.

"தெரியாம ஃபார்மட் பண்ணிட்டேன். போச்சா?"

இன்னும் போகவில்லை. கார்டை உடனே வெளியே எடுங்கள், ஒரு படம்கூட அதில் மேற்கொண்டு எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கும், படங்கள் கார்டிலேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுவிடும். மீட்டதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். புதிய படங்கள் மேலே விழுந்திருந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது.

"ட்ரோன் வாங்கி கடலை மேலேருந்து எடுக்கலாமா?"

250 கிராமுக்குள் இருந்தால் ஓட்ட உரிமம் தேவையில்லை என்பதைக் கேட்டுவிட்டு ஆளாளுக்கு வாங்குகிறார்கள். எடை குறைந்தாலும் வான்வெளிக் கட்டுப்பாடு அப்படியேதான் இருக்கும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம், எதிரே நாட்டின் கடல் எல்லை. ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஏற்றினால் வழக்குதான். இராமேஸ்வரம் கோவிலுக்குள் போனும் கேமராவும் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

"இந்தப் பத்தாயிரம் ரூபா கேமராவ வச்சுக் கல்யாண ஆர்டர் பிடிக்கலாமா மாமா?"

படம் வரும். நல்ல ஃப்ளாஷ் ஒன்றை வாங்கி, கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தால் மண்டபத்துப் படத்தில் 1200டி-யா இருபது மடங்கு விலைக் கேமராவா என்று பெண்வீட்டார் கண்டுபிடிக்கப்போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். இந்தக் கேமராக்களில் கார்டு போட ஒரே துளைதான். தாலி கட்டும் நேரத்தில் கார்டு காலை வாரினால் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. ஷட்டர் நின்றால் கையில் மாற்றுக் கேமராவும் இல்லை.

அதனால் முதல் ஒரு வருஷம் யாராவது ஒரு ஸ்டுடியோக்காரருக்கு இரண்டாவது ஆளாகப் போங்கள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று சின்ன விசேஷங்களில் கை பழகட்டும். வரும் கூலியில் முதலில் வாங்க வேண்டியது அதே மாடலில் இன்னொரு பழைய பாடி. லென்ஸ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். பணம் பேசும்போதே எத்தனை படம், எந்த ஆல்பம், எத்தனை நாளில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம். படங்களை இரண்டு டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.